கிளம்புவதும் கிளப்புவதும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஆங்கிலக் கூட்டுவினைகளை, அதாவது வினையோடு ஓர் இடைச்சொல் சேர்ந்து வேறு பொருள் தரும் தொடர்களைப் பற்றி எழுதியிருந்ததைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 'செட் ஆஃப்' என்னும் ஒரே தொடரைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பிறர் கேட்டவையும் இந்தப் பதில்களுக்குள்ளேயே அடங்கிவிடும் என்று நம்புகிறேன்.

கேள்வி: 'ஆறு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டேன்' என்பதை 'ஐ செட் ஆஃப் த ஹவுஸ் அட் சிக்ஸ்' என்று ஒரு மின்னஞ்சலில் எழுதினேன். உடன் பணிபுரியும் ஒருவர் அது பெரும் பிழை என்றார். அகராதியில் 'செட் ஆஃப்' என்பதற்குப் 'புறப்படு' என்றுதானே பொருள் தரப்பட்டிருக்கிறது?

பதில்: அகராதியும் சரி, உங்கள் நண்பரும் சரி. 'செட் ஆஃப்' என்பதற்குப் புறப்படுதல், பயணம் தொடங்குதல் என்ற பொருள் உண்டு. ஆனால் அந்தப் பொருளில் வரும்போது அது செயப்படுபொருளை ஏற்பதில்லை. 'ஹவுஸ்' என்ற சொல்லை நேரே அதன் பின்னால் வைத்தவுடன், தொடர் தன் இன்னொரு பொருளுக்கு மாறிவிடுகிறது. வெடிபொருளை வெடிக்கச் செய்வதற்கும் எச்சரிக்கை மணியை அலறவைப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே தொடர்தான் வழங்குகிறது. ஆகவே நீங்கள் எழுதிய வாக்கியத்தைப் படிக்கும் ஆங்கிலேயர், ஆறு மணிக்கு வீட்டை என்னவோ செய்துவிட்டதாகத்தான் முதலில் எண்ணுவார்.

பிழை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடலாம், ஏனெனில் அது கவனக்குறைவால் வந்த பிழையன்று. தமிழிலும் 'வீட்டைப் புறப்பட்டேன்' என்று நாம் சொல்வதில்லை. 'வீட்டை விட்டுப் புறப்பட்டேன்' என்றோ 'வீட்டிலிருந்து புறப்பட்டேன்' என்றோதான் சொல்கிறோம். 'வீட்டை' என்பதில் உள்ள இரண்டாம் வேற்றுமை உருபுக்கு உரிய வினை 'விட்டு' என்பதே தவிரப் 'புறப்பட்டேன்' அன்று. நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியபோது 'வீட்டை' நின்றுவிட்டது, அதைத் தாங்கிய 'விட்டு' மட்டும் விடுபட்டுப்போயிற்று. அந்த 'விட்டு' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'ஃப்ரம்' செய்யும்: 'ஐ செட் ஆஃப் ஃப்ரம் த ஹவுஸ் அட் சிக்ஸ்.' அல்லது, இடத்தையே செயப்படுபொருளாக ஏற்கும் 'லீவ்' என்ற வினையைப் பயன்படுத்தி 'ஐ லெஃப்ட் த ஹவுஸ் அட் சிக்ஸ்' என்று எழுதலாம்.

இரண்டும் பிழையற்றவை என்றாலும் ஒன்றல்ல. 'லீவ்' என்பது விட்டுச் செல்லும் இடத்தைப் பார்க்கிறது; 'செட் ஆஃப்' என்பது முன்னால் கிடக்கும் வழியைப் பார்க்கிறது. நீங்குதலுக்கும் புறப்படுதலுக்கும் தமிழில் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இதுதான். 'அவர் அறையை நீங்கினார்' என்றால் செய்தி அங்கேயே முடிகிறது. 'அவர் புறப்பட்டார்' என்றால் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. இதனால்தான் வேலையை விட்டு விலகுவதற்கோ, ஒரு கட்சியிலிருந்து வெளியேறுவதற்கோ, கூட்டத்தின் நடுவில் எழுந்து போவதற்கோ 'செட் ஆஃப்' பொருந்தாது. அங்கெல்லாம் விலகல் இருக்கிறது, ஆனால் பயணம் இல்லை.

சேரும் இடத்தைச் சொல்ல 'ஃபார்' வரும்: 'தே செட் ஆஃப் ஃபார் த ஸ்டேஷன்.' பயணத்தையே பெயரிட்டுச் சொன்னால் 'ஆன்' வரும்: 'செட் ஆஃப் ஆன் எ லாங் ஜர்னி.' இடப்பெயருக்கு முன் 'டு' போட்டு எழுதுவோரும் உண்டு. ஆயினும் 'ஃபார்' என்பதே ஐயத்துக்கு இடமில்லாதது. போகும் நோக்கத்தை வினையாகச் சொல்லும்போது மட்டும் 'டு' இயல்பாக அமையும்: 'ஷி செட் ஆஃப் டு மீட் ஹிம்', அதாவது அவரைச் சந்திக்கப் புறப்பட்டாள்.

இறந்தகாலத்தில் 'செட்டட்' என்ற வடிவம் கிடையாது. நிகழ்காலம், இறந்தகாலம், இறந்தகால எச்ச வடிவம் மூன்றிலும் 'செட்' மாறாமல் நிற்கும்; நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் இறுதியில் 'ஸ்' சேரும். 'ஹி செட்ஸ் ஆஃப் அட் செவன்' என்றால் அவர் வழக்கமாக ஏழு மணிக்குப் புறப்படுபவர். 'ஹி செட் ஆஃப் அட் செவன்' என்றால் ஏழு மணிக்குப் புறப்பட்டுவிட்டார். ஓர் எழுத்து காலத்தையே மாற்றுவதால், எழுதி முடித்தபின் அந்த ஓர் எழுத்துக்காக ஒருமுறை திரும்பிப் படிப்பது நல்லது.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் தீ எச்சரிக்கை மணியின் அருகே, அதை 'செட் ஆஃப்' செய்யக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. மணியை நிறுத்தக் கூடாது என்றுதான் இத்தனை நாளும் நான் புரிந்துகொண்டிருந்தேன். அது தவறு என்கிறார்கள். 'ஆஃப்' என்றால் நிறுத்துவது இல்லையா? அதோடு, புறப்படுவதற்கும் மணி அடிப்பதற்கும் என்ன தொடர்பு?

பதில்: வந்தவற்றிலேயே என்னை நெடுநேரம் யோசிக்க வைத்த கேள்வி இது. 'விளக்கை ஆஃப் செய்', 'மின்விசிறியை ஆஃப் செய்' என்று அன்றாடம் சொல்லிச் சொல்லி, 'ஆஃப்' என்பதற்கு நிறுத்தம் என்ற ஒரே பொருளைத் தமிழில் நாம் பழக்கிக்கொண்டோம். அந்தப் பழக்கத்தோடு அந்த அறிவிப்பைப் படித்தால் நீங்கள் கொண்ட பொருளே வரும். ஆனால் அறிவிப்பு சொல்வது அதற்கு நேர் எதிரானது. தேவையின்றி மணியை ஒலிக்கவிடாதீர்கள் என்பதே அதன் பொருள். ஒலிக்கும் மணியை நிறுத்துவது 'டர்ன் ஆஃப்' அல்லது 'ஸ்விட்ச் ஆஃப்'. பாதுகாப்பு அறிவிப்பு என்பதால் இந்த வேறுபாடு வெறும் இலக்கண நுட்பமாக நின்றுவிடுவதில்லை. உங்கள் அலுவலகத்தில் மற்றவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

'ஆஃப்' என்பதன் அடிப்பொருள் நிறுத்தம் அன்று, பிரிவு. விளக்கை அணைக்கும்போது மின்னோட்டத்திலிருந்து அது பிரிகிறது. புறப்படும்போது நாம் இருந்த இடத்திலிருந்து பிரிகிறோம். மணியோ வெடியோ கிளம்பும்போது, அதுவரை அதைப் பிடித்து வைத்திருந்த தடையிலிருந்து அது விடுபடுகிறது என்று கொள்ளலாம். எல்லா 'ஆஃப்' தொடர்களையும் இந்த ஒரே விளக்கத்துக்குள் அடைத்துவிட முடியாது என்றாலும், நிறுத்தம் என்ற பொருளைவிட இது நெடுந்தொலைவு நம்மை அழைத்துச் செல்லும்.

இனித் தொடர்பைப் பற்றி. இதற்கு ஆங்கில இலக்கண நூலைத் தேடிப் போக வேண்டியதில்லை. 'கிளம்பு' என்ற நம்முடைய சொல்லே விடை தருகிறது. மேலெழுதல் என்பது அதன் பழைய பொருள். புழுதி கிளம்புகிறது, புகை கிளம்புகிறது, எதிர்ப்புக் கிளம்புகிறது, மனிதரும் பயணம் கிளம்புகிறார். இது தன்வினை. இதன் பிறவினை 'கிளப்பு': புழுதியைக் கிளப்பினான், பீதியைக் கிளப்பினான், பழைய நினைவுகளைக் கிளப்பிவிட்டான். திருந்து, திருத்து என்பனவும் அடங்கு, அடக்கு என்பனவும் போல, மெல்லின ஒற்று வல்லினமாகும்போது தானாக நடப்பது பிறர் நடத்துவதாகிவிடுகிறது. இந்த இரண்டு வேலைகளையும் ஆங்கிலத்தில் 'செட் ஆஃப்' என்ற ஒரே தொடர் செய்கிறது. செயப்படுபொருள் இல்லாமல் நின்றால் அது கிளம்புதல். செயப்படுபொருளோடு வந்தால் கிளப்புதல். 'வி செட் ஆஃப்' என்றால் நாங்கள் கிளம்பினோம். 'த நியூஸ் செட் ஆஃப் எ பேனிக்' என்றால் அந்தச் செய்தி பீதியைக் கிளப்பியது. முதல் கேள்வியில் வீடு அகப்பட்டுக்கொண்டதும் இந்த இரண்டாம் வகையில்தான்.

ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் நம்முடையதைப் போன்ற இணைகள் இருந்தன என்பதை அறிந்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். 'சிட்' என்பது அமர். அதன் பிறவினையாகப் பிறந்ததே 'செட்', அதாவது அமர்த்து. 'லை' என்பது கிட, 'லே' என்பது கிடத்து. 'ஃபால்' என்பது விழு, 'ஃபெல்' என்பது வீழ்த்து. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு இன்றும் அச்சொல்லே வழங்குகிறது. இவ்வாறு வினையின் உயிரெழுத்தை மாற்றிப் பிறவினை ஆக்கும் வழக்கம் இன்றைய ஆங்கிலத்தில் புதிய இணைகளை உண்டாக்குவதில்லை; எஞ்சியவை சிலவே. பிறவினையாகப் பிறந்த 'செட்' என்ற சொல்லோ எண்ணற்ற பொருள்களில் பரவிவிட்டது. 1989 இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு இந்த வினைக்கு உரியது. 430க்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கே பிரித்துக் காட்டப்பட்டுள்ளன.

ஆனால் நான் காட்டிய ஒப்புமைக்கும் ஓர் எல்லை உண்டு. தமிழில் மனிதரும் கிளம்புவார், ஓசையும் கிளம்பும். ஆங்கிலத்தில் செயப்படுபொருள் இல்லாத 'செட் ஆஃப்' பயணம் போகிறவருக்கும் வண்டிகளுக்கும் மட்டுமே உரியது. ஆகவே மணி தானாக ஒலித்தது என்பதற்கு 'தி அலாரம் செட் ஆஃப்' என்று எழுதக் கூடாது. 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றே எழுத வேண்டும். புகை அதை ஒலிக்கச் செய்தால் 'ஸ்மோக் செட் ஆஃப் தி அலாரம்'. மணியைப் பொறுத்தவரை தன்வினை 'கோ ஆஃப்', பிறவினை 'செட் ஆஃப்' என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கிளப்புதல் என்ற பொருளில் இன்னும் இரண்டு செய்திகள். செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாக இருந்தால் அதைத் தொடரின் இறுதியிலும் வைக்கலாம், நடுவிலும் வைக்கலாம்: 'செட் ஆஃப் தி அலாரம்', 'செட் தி அலாரம் ஆஃப்'. அது 'இட்', 'தெம்' போன்ற பதிலிப்பெயராக இருந்தால் நடுவில் மட்டுமே வரும்: 'செட் இட் ஆஃப்'. 'செட் ஆஃப் இட்' என்பது பிழை. அடுத்தது பொருள் பற்றியது. ஏற்கெனவே முறுக்கேறிக் காத்திருக்கும் ஒன்றைச் சிறு தூண்டுதலால் வெடிக்கவோ பரவவோ விடுவதையே இத்தொடர் குறிக்கும். வெடி, மணி, ஒவ்வாமை, கலவரம், தொடர் விளைவு ஆகியவற்றுக்கு அது பொருந்துவதும், கணினியை இயக்குவதற்கும் கூட்டத்தைத் தொடங்குவதற்கும் பொருந்தாததும் அதனால்தான். மனிதரையும் இப்படிச் சொல்வதுண்டு. அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கும் ஒருவரிடம் ஆறுதலாக ஒரு சொல் சொன்னதும் அவர் மீண்டும் அழத் தொடங்கினால், 'தட் செட் ஹெர் ஆஃப் அகெய்ன்' என்பார்கள்.

கேள்வி: 'செட் ஆஃப்', 'செட் அவுட்', 'டேக் ஆஃப்' மூன்றுக்கும் புறப்படுதல் என்றே பொருள் படித்தேன். ஒன்றுக்கு ஒன்று மாற்றி எழுதலாமா?

பதில்: 'செட் ஆஃப்', 'செட் அவுட்' இரண்டையும் பயணத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் மாற்றி எழுதலாம். நீண்ட, திட்டமிட்ட பயணம் என்ற நிறம் 'செட் அவுட்' என்பதில் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. அதற்கே உரிய தனிப் பொருள் ஒன்றும் உண்டு: ஒரு குறிக்கோளோடு ஒரு செயலில் இறங்குதல். 'ஹி செட் அவுட் டு ப்ரூவ் த தியரி' என்றால் அந்தக் கோட்பாட்டை நிறுவ முற்பட்டார் என்று பொருள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. இந்த இடத்தில் 'செட் ஆஃப்' போட்டால், நிறுவுவதற்காக எங்கோ பயணம் போனார் என்று ஆகிவிடும். கருத்துகளை முறைப்படுத்தி எடுத்துரைப்பதும் 'செட் அவுட்' தான்.

'டேக் ஆஃப்' வேறு இயல்புடையது. விமானமும் பறவையும் தரையை விட்டு எழுவது அதன் தெளிவான பொருள். மனிதருக்குச் சொன்னால் திடீரென்று, சில வேளை சொல்லாமல் கொள்ளாமல், போய்விட்டார் என்ற சாயல் வந்துவிடும். அது பேச்சு வழக்கும்கூட. ஒரு தொழிலோ கருத்தோ விரைவாக வெற்றி பெறுவதற்கும் அதுவே வழங்கும். உடையைக் கழற்றுவது, விடுப்பு எடுப்பது என்று அதன் பட்டியல் நீளும்.

இப்படிக் குழம்புவது நமக்கு மட்டும் உரியதன்று. சாமுவேல் ஜான்சன் 1755 இல் வெளியிட்ட தம் ஆங்கில அகராதியின் முன்னுரையில், வினையோடு ஓர் இடைச்சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த முறைதான் அயல்நாட்டாருக்கு மிகப் பெரிய இடர்ப்பாட்டைத் தருவது என்று எழுதினார். அங்கே அவர் தந்த எடுத்துக்காட்டுகளில் இந்த மூன்று தொடர்களும் இருக்கின்றன. 'செட் அவுட்' என்பதற்கு அவர் தந்த பொருள் பயணம் தொடங்குதல். 'செட் ஆஃப்' என்பதற்கு அழகூட்டுதல் என்றும் 'டேக் ஆஃப்' என்பதற்கு நகல் செய்தல் என்றும் குறித்திருக்கிறார். அந்தப் பொருள்களும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஒரு நிறம் மற்றொன்றை எடுப்பாகக் காட்டுவதை இன்றும் 'செட் ஆஃப்' என்கிறார்கள். ஒருவரைப் போல நடித்துக் காட்டுவதைப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'டேக் ஆஃப்' என்பதுண்டு. இத்தனைக்கும் இத்தகைய கூட்டுவினைகளுக்கு இன்று வழங்கும் 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் ஜான்சனுக்குத் தெரியாது. கட்டுரையாளர் லோகன் பியர்சல் ஸ்மித் 1925 இல் தம் நூலில் அதைப் பயன்படுத்தியபோது, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லித் தந்த பெயர் அது என்று குறிப்பிட்டார்.

கேள்வி: அலுவல் கடிதத்தில் 'செட் ஆஃப்' எழுதலாமா?

பதில்: எழுதலாம். அது கொச்சையன்று. கால அட்டவணைகளிலும் முறையான அறிவிப்புகளிலும் மட்டும் 'டிபார்ட்' என்ற சொல்லே மரபு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'செட் ஆஃப்' மிகுதியாகக் காதில் விழும். அமெரிக்கர்கள் அதே இடத்தில் 'ஹெட் அவுட்' என்றோ 'லீவ்' என்றோ சொல்வதை அதிகம் கேட்கலாம்.

கேள்வி: என் மகள் பள்ளிக் கட்டுரையில் 'செட் ஆஃப்' என்பதை ஒரே ஓர் 'எஃப்' போட்டு எழுதியிருந்தாள். ஆசிரியர் திருத்தவில்லை. இரண்டும் ஒன்றா?

பதில்: ஒன்றல்ல, உங்கள் மகளிடம் அன்போடு திருத்திக் காட்டுங்கள். ஓர் 'எஃப்' உள்ளது 'உடைய' என்ற பொருள் தரும் சொல். அதோடு சேர்ந்த 'செட்' ஒரு தொகுதியைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாகிவிடும். புறப்படுவதற்கு இரண்டு 'எஃப்' வேண்டும்.

ஒலிப்பிலும் வேறுபாடு உண்டு. ஓர் 'எஃப்' உள்ள சொல்லின் இறுதி 'வ்' போல ஒலிக்கும். இரண்டு உள்ளதில்தான் காற்று உரசும் 'ஃப்' கேட்கும். தமிழர் பலர் இரண்டையும் 'ஆஃப்' என்றே ஒலிப்பதால் எழுத்திலும் மயக்கம் வருகிறது. ஆனால் அவள் செய்த பிழைக்கு வரலாற்றில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பழைய ஆங்கிலத்தில் இவை ஒரே சொல்லாக இருந்தன. அழுத்தம் பெற்று வந்த இடங்களில் ஒரு வடிவமும், அழுத்தமின்றி வந்த இடங்களில் இன்னொரு வடிவமுமாகப் பிரிந்து, 1600க்குப் பிறகுதான் இரு சொற்களாக நிலைபெற்றன. அழுத்தம்தான் பிரித்தது என்பதால், இன்றும் 'செட் ஆஃப்' என்று சொல்லும்போது அழுத்தம் 'ஆஃப்' மேல் விழ வேண்டும். 'செட்' மேல் அழுத்திச் சொன்னால் காதுக்கு அது வேறு ஏதோ போலக் கேட்கும்.

கேள்வி: கணக்கியல் பாடத்தில் வரும் 'செட் ஆஃப்' இதே தொடரா?

பதில்: அதே தொடர்தான், பொருள் வேறு. ஒருவர் தர வேண்டிய தொகையையும் பெற வேண்டிய தொகையையும் ஒன்றுக்கு எதிராக ஒன்றைக் கழித்து நேர்செய்வதை அது குறிக்கிறது. இதற்குச் செயப்படுபொருள் கட்டாயம் வேண்டும். எதற்கு எதிராகக் கழிக்கிறோமோ அதற்கு முன் 'அகெய்ன்ஸ்ட்' வரும். பெயர்ச்சொல்லாக எழுதும்போது நடுவில் சிறு கோடு இடுவது வழக்கம்.

கேள்வி: ஒரு கூட்டத்திலிருந்து விடைபெறும்போது 'நான் கிளம்புகிறேன்' என்பதை 'ஐ ஆம் செட்டிங் ஆஃப்' என்று சொல்லலாமா? 'கிளியர் ஆஃப்', 'புஷ் ஆஃப்' என்பனவும் கேட்டிருக்கிறேன்.

பதில்: 'ஐ ஆம் செட்டிங் ஆஃப்' பிழையன்று, ஆனால் விடைபெறும் சொல்லாக அது ஒலிக்காது. பயணம் தொடங்கும் நேரத்தைத் தொலைபேசியில் ஒருவருக்குத் தெரிவிக்கும்போதுதான் அது இயல்பு: இப்போது புறப்படுகிறேன், இன்ன நேரத்தில் வந்து சேர்வேன் என்பது போல. எதிரில் இருப்பவரிடம் விடைபெற, 'ஐ ஷுட் பி கோயிங்' என்பது எங்கும் பொருந்தும். நெருங்கியவர்களிடம் 'ஐ ஆம் ஆஃப்' போதும்.

மற்ற இரண்டிலும் கவனமாக இருங்கள். 'புஷ் ஆஃப்' என்பதை நண்பர்களிடையே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதுண்டு. அதையே ஏவலாக இன்னொருவரிடம் சொன்னால், 'தொலைந்து போ' என்று சொன்னதாகிவிடும். 'கிளியர் ஆஃப்' ஏவலாக வந்தால் அதுவும் அப்படித்தான். 'இனி நீங்கள் புறப்படலாம்' என்று மரியாதையாகச் சொல்ல நினைத்து இந்தத் தொடர்களை எடுத்தாள்வது ஆறாத மனத்தாங்கலில் கொண்டுபோய் விடும். அதற்கு 'யூ மே லீவ் நவ்' என்பதுகூடச் சற்று அதிகாரமாக ஒலிக்கும். 'ப்ளீஸ் டோன்ட் லெட் மீ கீப் யூ', அதாவது உங்களை நான் தாமதப்படுத்த விரும்பவில்லை என்பது, இருவருக்கும் இனியது.